எந்திரம் யாருடைய பத்திரிகையைப் படித்தது?

(ஊடகமும் தலித் மக்களும் என்ற பொருளில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'செயற்கை நுண்ணறிவும் இதழியலும்'. இந்தத் தலைப்பில் இப்போது எல்லா ஊரிலும் கூட்டம் நடக்கிறது. பெரிய ஓட்டல்களில் பத்திரிகை ஆசிரியர்களும் முதலாளிகளும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்கள் பேச்சில் ஒரு பயம் தெரிகிறது. 'எந்திரமே செய்தி எழுத ஆரம்பிச்சிட்டா பத்திரிகைக்காரனுக்கு என்ன வேலை? விளம்பரத்தை எல்லாம் கூகுளும் ஃபேஸ்புக்கும் அள்ளிக்கிட்டுப் போயிட்டா பத்திரிகை எப்படி நிக்கும்? பத்திரிகை இல்லேன்னா ஜனநாயகம் என்ன ஆகும்?' நியாயமான பயம்தான். நான் அதைக் கிண்டல் செய்ய வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே வாங்கி நம் கேள்வியாக வைத்துக்கொள்ள முடியாது. வீடு பத்திக்கிச்சுன்னு அவங்க கத்துறாங்க. அந்த வீட்டுக்குள்ள நம்மள எப்ப விட்டாங்க என்கிற கணக்கை முதலில் பார்த்துவிட வேண்டும்.

1996இல் பி.என்.உனியால் என்கிற மூத்த பத்திரிகையாளரிடம் ஒரு வெளிநாட்டுச் செய்தியாளர், 'தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் கருத்துக் கேட்க வேண்டும், யாராவது இருந்தால் சொல்லுங்கள்' என்று கேட்கிறார். முப்பது வருடம் தில்லியில் அதே தொழிலில் இருந்த உனியாலுக்கு ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற பத்திரிகையாளர்களின் பட்டியலை எடுத்துத் தேடுகிறார். அதிலும் கிடைக்கவில்லை. அதை 'பயனியர்' பத்திரிகையில் எழுதினார். பத்து வருடம் கழித்து, 2006இல், அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் மூவரும் தில்லியிலிருந்து இயங்கும் 37 இந்தி, ஆங்கில ஊடக நிறுவனங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். தலித் ஒருவர்கூட இல்லை. பழங்குடி ஒருவர்கூட இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து மறுபடி கணக்கெடுத்தன. 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினர் கையில். நம்ம கணக்கு அப்பவும் பூஜ்யம்.

ஆகவே 'எந்திரம் வந்து பத்திரிகையைக் கெடுத்துவிடும்' என்று சொல்லும்போது, அது என்னமோ இதுவரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த ஒரு நல்ல பொருள் என்கிற பொதுப்புத்தி உள்ளே நுழைந்துவிடுகிறது. அதை நுழையவிடாமல் பேச வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொன்னேன்.

நம்முடைய ஆட்கள் இதைப் புரிந்துகொண்டு நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று தலைப்பிலேயே பெயரைப் போட்டுப் பத்திரிகை நடத்தினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஒரு பைசாதான் விலை. 1920 ஜனவரி 31 அன்று பாபாசாகேப் 'மூக்நாயக்' தொடங்குகிறார். காசு கட்டியும் அதற்கு விளம்பரம் போட 'கேசரி' பத்திரிகை மறுத்துவிட்டது. திலகர் தொடங்கிய பத்திரிகை அது. அந்த மறுப்பில் ஒரு பாடம் இருக்கிறது. எழுத ஆள் இருந்தாலும், அச்சடிக்கக் காசு இருந்தாலும், செய்தி சனங்களிடம் போய்ச் சேரும் வழியை எவன் வைத்திருக்கிறானோ அவன் கதவைச் சாத்தினால் முடிந்தது. 1945இல் எழுதிய நூலில் பாபாசாகேப் இதையே இன்னும் பெரிய அளவில் சுட்டிக்காட்டினார். அன்றைக்கு நாடு முழுக்கச் செய்தி விநியோகித்த அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ஊழியர்கள் முழுக்கச் சென்னைப் பார்ப்பனர்களாக இருந்தார்கள். அந்தக் குழாய் வழியாக எது வெளியே போகும், எது போகாது என்பது அங்கேயே முடிவாகிவிடும் என்றார்.

இன்றைக்கு அந்தக் குழாயின் பெயர் கூகுள், ஃபேஸ்புக், யூட்யூப், எக்ஸ். குழாயை வைத்திருக்கிறவன் மட்டும் மாறினானா, உள்ளே ஓடுவதும் மாறியதா என்பதுதான் நம்முடைய கேள்வி.

இதற்கு முன்னால், பத்திரிகை நம்மைப் பற்றி எந்த மொழியில் எழுதி வைத்திருக்கிறது என்பதைக் கொஞ்சம் பேச வேண்டும். எந்திரத்தைப் பற்றிப் பேசும்போது இதுதான் நமக்குப் பிடிமானம்.

நான் சில வருடம் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்தும் மேசையில் இருந்தவன். பெயர் வேண்டாம், அந்த ஒரு பத்திரிகையோட சங்கதி மட்டும் இல்ல இது. தாலுகா நிருபர் அனுப்பிய செய்தி ஃபேக்சில் வரும். 'காலனிக்குள் புகுந்து வீடுகளுக்குத் தீ வைத்தனர், பெண்களை அடித்தனர்' என்று அந்த மனுசன் எழுதியிருப்பார். பக்கம் முடியும்போது அது 'இரு தரப்பினர் மோதல், போலீஸ் குவிப்பு' என்று ஆகியிருக்கும். யாரும் கூடிச் சதி செய்து மாற்றியதில்லை. அந்த மேசையில் இருந்தவர்களுக்கு அதுதான் நல்ல தமிழ், நடுநிலையான தமிழ். போலீஸ் அறிக்கையும் அப்படித்தான் இருக்கும். அடித்தவன் ஒரு தரப்பு, அடிவாங்கியவன் ஒரு தரப்பு. 'இரண்டு பேரும் மோதிக்கிட்டாங்க.'

இந்த மாதிரிச் சொற்களுக்கு ஒரு அகராதியே போடலாம். சேரியைக் கொளுத்தினால் 'மோதல்'. வெட்டினால் 'முன்விரோதம்'. சாதி மாறிக் கல்யாணம் செய்த பையனைக் கொன்றால் 'காதல் விவகாரம்'. சாதியின் பெயரைச் சொல்லாமல் இருக்க 'குறிப்பிட்ட சமுதாயத்தினர்'. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடப்பட்டுச் செத்தால் 'விஷவாயு தாக்கிப் பலி'. வாயுதான் குற்றவாளி. இறக்கிவிட்ட காண்டிராக்டர் அந்த வாக்கியத்திலேயே இருக்கமாட்டான். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதற்குப் பிறகும் தலைப்பு மாறவில்லை. இந்த அகராதியை மறந்துவிடாதீர்கள். திரும்பவும் இதற்கு வருவேன்.

சரி, இணையதளங்கள் வந்தன. வந்ததில் நமக்கு லாபமே இல்லை என்று சொன்னால் அது பொய். 2006 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தில் கயர்லாஞ்சியில் போத்மாங்கே குடும்பத்தில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். முதல் சில வாரங்கள் பெரிய பத்திரிகைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளும், கைக்குக் கை போன படங்களும், மின்னஞ்சல்களும், கடைசியில் தெருவில் இறங்கிய சனங்களும்தான் அதைச் செய்தியாக்கினார்கள். 2016 ஜனவரியில் ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதம் எந்த ஆசிரியரின் மேசைக்கும் காத்திருக்கவில்லை. மாணவர்களின் ஃபோன்கள் வழியாக ஒரே நாளில் நாடு முழுக்கப் போனது. அதே வருடம் ஜூலையில் குஜராத்தில் ஊனாவில் தோலுரிக்கும் தொழிலாளிகளைக் கட்டிவைத்து அடித்தவர்கள், பெருமைக்காகத் தாங்களே வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அந்த வீடியோவே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. செத்த மாட்டை இனி நாங்கள் தொடமாட்டோம் என்று சனங்கள் கிளம்பினார்கள். உத்திரப்பிரதேசத்தில் சித்திரகூட் மாவட்டத்தில் 2002இல் தொடங்கிய 'கபர் லகரியா' முதலில் அச்சில் வந்த பத்திரிகை. தலித் பெண்கள் முன்னால் நின்று நடத்துவது. அவர்கள் ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் செய்தி எடுத்ததை உலகமே பார்த்தது.

ஆக, கேசரி சாத்திய கதவு இங்கே கொஞ்சம் திறந்தது உண்மை. எங்க பையன்களும் பொண்ணுங்களும் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போறாங்க. தமிழ்நாட்டில் இன்றைக்கு ஒரு வன்கொடுமை நடந்தால் முதல் காட்சி பெரும்பாலும் நம் ஆட்களின் ஃபோனிலிருந்துதான் வருகிறது.

ஆனால் யூட்யூப் சேனல் என்பது பட்டா இல்லாத மனை. புறம்போக்கில் குடிசை போட்டவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. வருசக்கணக்கா இருந்திருப்பீங்க, ரேஷன் கார்டுகூட இருக்கும். ஒருநாள் புல்டோசர் வரும். 2025 ஏப்ரலில் 'நேஷனல் தஸ்தக்' என்னும் தலித் பகுஜன் செய்திச் சேனல், தன்னை முடக்கச் சொல்லி மத்திய அரசிடமிருந்து வந்த உத்தரவை யூட்யூப் தனக்குத் தெரிவித்ததாக அறிவித்தது. ஒரு பத்திரிகையை மூட வேண்டுமென்றால் அச்சகத்துக்குப் போலீஸ் வர வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள். இங்கே கம்பெனிக்கு ஒரு கடிதம் போனால் போதும்.

அரசு மட்டும் இல்லை, கம்பெனியே நினைத்தாலும் சாத்தலாம். கனடா அரசு 2023இல் ஒரு சட்டம் போட்டது. செய்தியைக் காட்டிச் சம்பாதிக்கும் தளங்கள் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று. ஃபேஸ்புக்கின் முதலாளியான மெட்டா என்ன செய்தது? அந்த ஆகஸ்டிலிருந்து கனடாவில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்தியையே நிறுத்திவிட்டது. அதே மாதம் அங்கே காட்டுத்தீ பரவி யெல்லோநைஃப் நகரத்தையே காலி செய்ய வேண்டியிருந்தது. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்கிற உள்ளூர்ச் செய்தியை ஃபேஸ்புக்கில் பகிர முடியவில்லை. இதற்கு முன் 2021 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவிலும் இப்படிச் செய்து பார்த்தார்கள். ஒரு பணக்கார நாட்டு அரசாங்கத்தையே இப்படி மிரட்டக்கூடியவனிடம் நம் இயக்கத்தின் குரலை மொத்தமாக அடகு வைக்கலாமா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இந்தத் தளங்களில் எதை முன்னால் தள்ளுவது, எதைப் பின்னால் ஒதுக்குவது என்பதை எந்திரம் முடிவு செய்கிறது. மனிதர் எதைப் பார்த்தால் அதிக நேரம் கண்ணை எடுக்காமல் இருப்பாரோ அதைத் தள்ளும். அரிவாளைத் தூக்கிக்கொண்டு 'ஆண்ட பரம்பரை' பாட்டுக்கு ஆடும் பையனின் ரீல்ஸ் எவ்வளவு வேகமாகப் போகிறது, பள்ளிக்கூடத்தில் சாதிக் கயிறு பற்றி நாம் போடும் கட்டுரை எவ்வளவு தூரம் போகிறது என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். மெட்டா, யூட்யூப் இரண்டும் சாதியின் பேரால் வெறுப்பைப் பரப்பக் கூடாது என்று விதி எழுதி வைத்திருக்கின்றன. விதி இருக்கு, பார்க்க ஆள் எங்கே? 2021இல் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் வெளியானபோது தெரிந்தது: பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு அந்தக் கம்பெனி ஒதுக்கியதில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கு மட்டும். மிச்ச உலகம் முழுமைக்கும் 13 சதவீதம். அந்த 13இல் இந்தியாவுக்கு எவ்வளவு, அதில் தமிழுக்கு எவ்வளவு, அதில் சாதி என்றால் என்னவென்று தெரிந்தவர் எத்தனை பேர்?

எழுத்தை மட்டும் பார்க்கிற எந்திரத்துக்கு இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. 'பறை' என்பது நமக்கு இசைக்கருவி. 'பறையர்' என்பது ஒரு மக்களின் பெயர். அதே பெயர் இன்னொருத்தன் வாயில் வசவு. பெயருக்கும் வசவுக்கும் எழுத்து ஒன்றுதான். யார் சொல்கிறான், யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்று தெரியாமல் எழுத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், வைதவனும் தப்பிக்கலாம், வைததைப் பற்றிப் புகார் எழுதியவனும் மாட்டிக்கொள்ளலாம்.

கம்பெனிகளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2022 ஏப்ரலில், தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி, ஈக்வாலிட்டி லேப்ஸ் அமைப்பின் தேன்மொழி சௌந்தரராஜனை கூகுளில் பேச அழைத்திருந்தார்கள். அழைத்தது எந்தப் பிரிவு தெரியுமா? கூகுள் நியூஸ். உலகத்தின் செய்திகளை அடுக்கித் தரும் பிரிவு. உள்ளே சில ஊழியர்கள் அவரை 'இந்து விரோதி' என்று எதிர்த்தார்கள். கூட்டம் ரத்தானது. ஏற்பாடு செய்த மூத்த மேலாளர் தனுஜா குப்தா வேலையை விட்டு வெளியேறினார். கலிஃபோர்னியாவில் அக்கிரகாரம் இருக்காது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். பெயர் பெரிசா இருக்கேன்னு பயப்பட வேண்டாம். சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை செய்யும் வேலையின் அடிப்படை எளிதானது. கோடிக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து, ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வரும் என்று ஊகிக்கப் பழக்குகிறார்கள். எது அதிகமாகச் சேர்ந்து வந்திருக்கிறதோ அது அதற்குப் பழகிவிடும். பிறகு மனிதர்களை வைத்துக் கொஞ்சம் திருத்துகிறார்கள், இப்படிப் பேசு, அப்படிப் பேசாதே என்று. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எவ்வளவு புத்திசாலி என்பது இல்லை. இது யாருடைய பத்திரிகையைப் படித்து வளர்ந்தது என்பதுதான்.

இணையத்தில் எழுத்தாக இருப்பதைப் படித்து வளர்ந்தது. அதில் பெரும்பங்கு ஆங்கிலம். தமிழ் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தத் தமிழிலும் பெரிய நாளிதழ்களின் செய்தித்தளங்கள் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. நான் சொன்ன அகராதி ஞாபகம் இருக்கா? 'மோதல்', 'முன்விரோதம்', 'காதல் விவகாரம்', 'விஷவாயு தாக்கி'. இருபது வருடத்துச் செய்தி அந்த மொழியில் அங்கே கிடக்கிறது.

நம்முடைய எழுத்து எங்கே கிடக்கிறது? தொண்ணூறுகளில் வந்த நிறப்பிரிகை, கோடாங்கி, 1997இல் தொடங்கிய தலித் முரசு, இன்னும் நான்கு இதழோடு நின்றுபோன எத்தனையோ சிற்றிதழ்கள், மாநாட்டு மலர்கள், உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள், துண்டறிக்கைகள். பலதும் யாரோ ஒரு தோழர் வீட்டுப் பரணில் கரையான் அரிக்கக் கிடக்கின்றன. கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தவையும் தப்பவில்லை. அந்தக் காலத்தில் பாமினி, டேப், டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துரு. தமிழ்நாட்டு அரசே யூனிகோடைப் பொதுத் தரமாக ஏற்றது 2010இல்தான். பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்பைத் திறந்தால் எந்திரத்துக்குக் கிடைப்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குப்பை. ஆக, நாம் எழுதாமல் இல்லை. எழுதினோம். எந்திரத்தின் பார்வையில் எழுதாதவர்களாக இருக்கிறோம்.

இதன் விளைவு கற்பனை இல்லை. 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். வாக்கியத்தில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு, பிராமணர், தலித் இரண்டில் எதைப் போடுவாய் என்று எந்திரத்தைக் கேட்பது. கற்றவர் யார், சாக்கடை அள்ளுபவர் யார் என்கிற மாதிரி. 2025 அக்டோபரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ பத்திரிகை அதே சோதனையை அன்றைக்குப் புதிதாக வந்திருந்த ஜிபிடி-5க்கு வைத்துப் பார்த்தது. ஏறக்குறைய நான்கில் மூன்று வாக்கியங்களில் மனு சொன்ன இடத்திலேயே ஆளை உட்கார வைத்தது. ஒரு ஆய்வாளர் விண்ணப்பக் கடிதத்தின் ஆங்கிலத்தைத் திருத்தக் கொடுத்தபோது, அவருடைய குடும்பப் பெயரையே எடுத்துவிட்டு உயர்சாதிப் பெயரைப் போட்டுக் கொடுத்ததையும் அதே கட்டுரை பதிவு செய்தது. அதே கம்பெனியின் சோரா என்ற படம் உருவாக்கும் எந்திரத்திடம் 'தலித் நடத்தை' என்று கேட்டபோது வந்த படங்களில் நாய்ப் படமும் இருந்தது.

'எந்திரத்துக்குச் சாதி தெரியாதுப்பா, அது வெறும் கணக்கு' என்று சிலர் சொல்வார்கள். அது சரி, எந்திரத்துக்குத் தெரியாது. அது நகலெடுக்கிறது. கிராமத்தில் தனி டம்ளர் வைத்திருந்த டீக்கடைக்காரனும் 'எனக்கு ஒண்ணும் இல்லீங்க, ஊர் வழக்கம்'னுதான் சொன்னான். அவனிடமாவது சண்டை போடலாம், புகார் கொடுக்கலாம். நகலெடுக்கும் எந்திரத்தின் மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

செய்தித் துறையில் இது எப்படி வேலை செய்யும் என்று வேங்கைவயலை வைத்து யோசியுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்து, 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குற்றவாளிகள் என்று அது பெயர் சொன்னது பாதிக்கப்பட்ட அதே தலித் மக்களில் மூன்று பேரை. அந்தச் சனங்கள் அதை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள். பத்திரிகையில் போலீஸ் சொன்னது தலைப்பு, சனங்கள் சொன்னது கடைசிப் பத்தி. நாளைக்கு ஒரு கல்லூரி மாணவி 'வேங்கைவயலில் என்ன நடந்தது' என்று எந்திரத்திடம் கேட்டால் அது அத்தனை செய்தியையும் சேர்த்து நான்கு வரியாகச் சுருக்கும். சுருக்கும்போது முதலில் விழுவது எது? கடைசிப் பத்திதான். இது என்னுடைய பெரிய பயம். நாளிதழில் சிறிய எழுத்தில் இருந்த மறுப்புகூட அந்த நான்கு வரியில் இல்லாமல் போய்விடும். அந்த நான்கு வரியே 'நடந்தது' என்றாகிவிடும்.

இது தொலைதூரத்து ஆபத்து இல்லை. கூகுளில் தேடினால் மேலேயே ஒரு சுருக்கம் வருகிறது, பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் பியூ ஆய்வு நிறுவனம் 2025இல் கணக்குப் பார்த்தது. சுருக்கம் வந்த தேடல்களில் கீழே உள்ள சுட்டியைத் தொட்டு மூலச் செய்திக்குப் போனது 8 சதவீதம். சுருக்கம் இல்லாதபோது 15 சதவீதம். பாதிதான். அந்தச் சுருக்கமாவது சரியாக இருக்கிறதா? 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கமும் பிபிசியும் வெளியிட்ட ஆய்வில் 18 நாடுகளைச் சேர்ந்த 22 பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் சேர்ந்து, 14 மொழிகளில், நான்கு எந்திரங்களிடம் செய்தி கேட்டுப் பார்த்தன. 45 சதவீதப் பதில்களில் ஏதாவது ஒரு பெரிய கோளாறு இருந்தது. பொது ஒலிபரப்பு நிறுவனங்களே, தங்கள் செய்தி தங்கள் பெயரோடு திரிந்து போகிறது என்று கத்துகின்றன.

நம்ம நாட்டுப் பொது ஊடகம் என்ன செய்கிறது? 2023இல் பிரசார் பாரதி, ஆர்எஸ்எஸ்ஸோடு தொடர்புடைய ஹிந்துஸ்தான் சமாச்சாரிடம் செய்தி வாங்க ஒப்பந்தம் போட்டது. 2024 மே 26 அன்று தூர்தர்ஷனின் கிசான் சேனல் 'ஏஐ கிரிஷ்', 'ஏஐ பூமி' என்று இரண்டு எந்திரச் செய்தி வாசிப்பாளர்களை இறக்கியது. 24 மணி நேரமும் படிப்பார்கள், 50 மொழியில் பேசுவார்கள் என்று பெருமையாக அறிவித்தார்கள். நான் ஒரு சின்ன கேள்வி கேட்கிறேன். தனியார் பத்திரிகையில் இடஒதுக்கீடு கிடையாது. நம் பிள்ளைகள் சட்டப்படி உரிமையோடு நுழையக்கூடிய ஒரே செய்தி அறை தூர்தர்ஷனும் வானொலியும்தான். அங்கே ஏற்கெனவே நிரந்தர வேலை குறைந்து ஒப்பந்த வேலை பெருகிவிட்டது. இப்போது மைக் முன்னால் எந்திரத்தை உட்கார வைத்தால், அந்த நாற்காலி எந்த ரோஸ்டரில் வரும்? கிரிஷ் எந்தப் பிரிவு?

தனியார் பத்திரிகையிலும் இதே கதைதான் நடக்கப்போகிறது. முதல் தலைமுறையாகப் படித்து வரும் நம் பிள்ளை எடுத்தவுடனே ஆசிரியர் ஆவதில்லை. பிழை திருத்தம், மொழிபெயர்ப்பு, தாலுகா நிருபர், இப்படித்தான் உள்ளே வர முடியும். எந்திரம் முதலில் எடுக்கும் வேலை பிழை திருத்தமும் மொழிபெயர்ப்பும்தான். ஆசிரியர் நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது. வாசப்படிதான் போகும்.

பணச் சண்டையும் நடக்கிறது. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம், எங்கள் செய்திகளைக் கேட்காமல் எடுத்துப் பழக்கினார்கள் என்று ஓப்பன்ஏஐ மேல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறை வெளியிட்ட ஆய்வறிக்கை, பழக்குவதற்கு எடுக்கும் எழுத்துக்குக் கம்பெனிகள் கட்டாயமாகப் பணம் கொடுக்கும் ஏற்பாட்டை முன்வைத்தது. கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் கொடுத்தால் யாருக்குப் போகும்? பெரிய முதலாளிக்கு. வரிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு எரிந்த குடிசை முன்னால் நின்று எழுதிய தாலுகா நிருபருக்கு அதில் பங்கு உண்டா? பரணில் கிடக்கும் சிற்றிதழுக்கு உண்டா? இதை நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

இங்கே ஒரு மாணவர் எழுதிக் கொடுத்த கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 'நம் எழுத்துக்களை இணையத்தில் போட்டால் கம்பெனிக்காரன் சும்மா அள்ளிக்கொண்டு போவான். போடாவிட்டால் அவன் எந்திரம் நம்மைப் பற்றி ஆதிக்க சாதிக்காரன் எழுதியதையே பேசும். என்ன செய்வது?' சரியான கேள்வி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது நம் இயக்கத்தின் வேலை இல்லை. நம் பிள்ளைகளுக்குப் பாடம் இருக்க வேண்டும் என்பது நம் வேலை. இருபது வயதுப் பையன் ஒருத்தனுக்கு மேலவளவு பற்றி, கொடியங்குளம் பற்றி நம் ஆட்கள் எழுதியது தமிழில் படிக்கக் கிடைக்க வேண்டும். அதற்காக வெளியே கொண்டுவர வேண்டும். அதே சமயம் படிப்பவருக்கு இலவசம், வியாபார எந்திரத்துக்கு அனுமதியும் விலையும் என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக் கொண்டுவர வேண்டும். அவன் மீறுவான். மீறினால் வழக்காட நம் பெயரில் ஒரு பத்திரம் இருக்க வேண்டும். பஞ்சமி நிலத்தில் நாம் இழந்தது பாதி, தாள் நம் கையில் இல்லாததால் இழந்தது.

ஆகவே சில வேலைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, மாவட்டத்துக்கு ஒரு குழு. உங்கள் மாவட்டத்தில் வந்த தலித் இதழ்கள், மலர்கள், அறிக்கைகள் யாரிடம் இருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். ஸ்கேன் செய்யுங்கள். பிறகு யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்யுங்கள். எழுத்தை அடையாளம் காணும் எந்திரத்தை இதற்குப் பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மனிதக் கண் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, சம்பவ இடத்துக்குப் போகும் தோழர்கள் எடுத்த வீடியோவை யூட்யூபில் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். மூலக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் இரண்டு ஊரில் வையுங்கள். தேதி, ஊர், முதல் தகவல் அறிக்கை எண், எடுத்தவர் யார் என்பதைத் தாளில் எழுதி வையுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் மின்னணுப் பதிவுக்குச் சான்று கேட்கிறார்கள். இன்றைக்குப் போலி வீடியோ செய்வது சுலபமாகிவிட்டதால், உண்மையான வீடியோவையும் 'இது ஏஐ பண்ணது' என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லப் போகிறான். அதற்கு இப்போதே தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, சேனல் நடத்தும் தோழர்கள் பார்வையாளர்களின் முகவரியையும் ஃபோன் எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு தனியாக வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்குச் சேனல் போனாலும் சனங்களிடம் போய்ச் சேர வழி இருக்கும். அச்சிதழையும் விட்டுவிடாதீர்கள். தபாலில் போகும் தாளை ஒரு பொத்தானை அழுத்தி மறைக்க முடியாது.

நான்காவது, கோரிக்கைகள். பொது ஊடகத்தில் எந்திரம் படித்தால் எந்திரம் என்று திரையில் எழுது. எந்திரம் வந்ததைக் காட்டி இடஒதுக்கீட்டுப் பணியிடத்தைக் குறைக்காதே. தமிழில் எந்திரம் விற்கும் கம்பெனி, சாதிப் பாகுபாட்டுக்குத் தமிழிலேயே சோதனை வைத்து முடிவை வெளியிடு. எழுத்துக்குக் கொடுக்கும் பணத்தில் நிருபருக்கும் சிற்றிதழுக்கும் பங்கு ஒதுக்கு. இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புவோம்.

கடைசியாக மாணவர்களுக்கு. எந்திரத்தைத் தொடாதே என்று நான் சொல்ல மாட்டேன். தகவல் உரிமை மனு எழுத, ஆங்கிலத் தீர்ப்பைத் தமிழில் புரிந்துகொள்ள அது உதவும். வக்கீல் குமாஸ்தாவுக்குக் காசு கொடுக்க முடியாத வீட்டுக்கு அது சின்ன விசயம் இல்லை. மூலத்தோடு சரிபார்த்துப் பயன்படுத்துங்கள். ஆனால் செய்தியை மட்டும் அதை வைத்து எழுதாதீர்கள். ஊருக்குத் தெற்கே எரிந்த தெருவுக்கு அது நடந்து போகாது. அங்கே இருக்கும் கிழவியிடம் 'யாரு ஆயா வந்தது, எத்தனை பேரு, என்ன சொல்லிக்கிட்டே வந்தாங்க' என்று கேட்காது. நீங்கள் போங்கள், கேளுங்கள், அவள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். 'மோதல்' என்று எழுதாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு மாவட்டமும் பழைய இதழ்களின் பட்டியலோடு வாருங்கள். பத்து இதழ் கிடைத்தாலும் போதும், தொடங்கலாம்.